இலங்கைப் பயணத்தில் குறைந்த செலவில் இணையம்

2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மேலதிக ரோமிங் கட்டணம், அதாவது சிம்மை வேறு நாட்டில் பயன்படுத்துவதற்கான கூடுதல் கட்டணம், நீக்கப்பட்டது. அதனால் பாரிஸில் வாங்கிய சிம் பெர்லினில் இயங்குவதுபோல யாழ்ப்பாணத்திலும் இயங்கும் என்று எண்ணிச் செல்லும் புலம்பெயர்ந்த நம்மவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை இலங்கைக்குப் பொருந்தாது. ஆகவே விமானம் ஏறுமுன்னரே டேட்டா ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

அதற்காக அந்தச் சிம்மைக் கழற்றி வைத்துவிடவும் வேண்டாம். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும்; ஊரில் அவசரமாகப் பணம் அனுப்ப நேரும்போது அது இல்லாவிட்டால் திண்டாட வேண்டியிருக்கும். குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்காதீர்கள், ஏனெனில் ரோமிங்கில் உள்வரும் அழைப்புக்கும் கட்டணம் விழலாம். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே தொடர்ந்து இயங்கும். எண்ணை மாற்றவா என்று அது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இணையத்துக்கு உள்ளூர்ச் சிம்மே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அதை ஏற்கும்படி உங்கள் தொலைபேசி பூட்டப்படாததாக, அதாவது ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் கட்டுப்படாததாக, இருக்க வேண்டும். கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய தொலைபேசிகளை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கு முன் வாங்கியதாயின், அல்லது வேறு நாட்டில் வாங்கியதாயின், புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டிச் சிம் வாங்கலாம். ஆனால் எந்த நிறுவனத்தின் சிம், டயலொக்கா, மொபிட்டலா, ஹட்ச்சா என்பதை அங்கே போய் முடிவுசெய்யாமல், நீங்கள் தங்கப்போகும் வீட்டாரிடம் எதற்கு நன்றாகச் சிக்னல் கிடைக்கிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள். கொழும்பில் எல்லாமே வேகமாகத்தான் இருக்கும். வன்னியின் உட்கிராமங்களில்தான் வேறுபாடு தெரியும். டேட்டாப் பொதிகளைத் (பேக்கேஜ்) தேர்ந்தெடுக்கும்போது மொத்த ஜிபி அளவைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டுமே பயன்படுவதாகவோ, குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் உரியதாகவோ இருக்கலாம். எந்நேரமும் பயன்படும் அளவு எவ்வளவு, எத்தனை நாளுக்குச் செல்லும் என்பவையே கேட்க வேண்டியவை.

அட்டையின்றித் தொலைபேசியிலேயே நிறுவப்படும் பயண இ-சிம்மைப் புறப்படுமுன்னரே வாங்கிவிடலாம், தரையிறங்கியதும் இணையம் கிடைத்துவிடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தருபவை, உள்ளூர் எண் கிடைக்காது. ஏற்றவரும் வேன்காரரோ ஊரிலுள்ள சித்தப்பாவோ சாதாரண அழைப்பில் உங்களைப் பிடிக்க முடியாது என்பதால், சில வாரங்கள் தங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தச் சிம்மாயினும், டேட்டாவை ஓசையின்றித் தின்பவை புகைப்படக் காப்புப்பிரதியும் செயலிப் புதுப்பித்தல்களுமே. இரண்டையும் வைஃபையில் மட்டும் நடக்கும்படி அமையுங்கள். கூகுள் வரைபடத்தில் செல்லவிருக்கும் மாவட்டங்களைப் புறப்படுமுன் பதிவிறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

திரும்பும்போது சிம்மை உறவினரிடம் விட்டுவருவது நம்மிடையே வழக்கம். அது உங்கள் கடவுச்சீட்டில் பதிவானது என்பதை நினைவில் வைத்து, கொடுப்பதாயின் நிறுவனத்தின் கிளையில் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.