தாத்தாவின் மெடலைக் குத்திக்கொண்டு போகாதீர்கள்

கனடாவுக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யூனிஃபார்ம், பேட்ஜ், மெடல் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் போலீஸ் சமாச்சாரம். போலீஸ்காரர் என்றோ அரசு அதிகாரி என்றோ பொய் சொல்வது கனடா குற்றவியல் சட்டத்தின் 130-வது பிரிவில் வருகிறது. வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. பார்ப்பவர் நம்பிவிடக்கூடிய மாதிரி பேட்ஜையோ சீருடையில் ஒரு பகுதியையோ பயன்படுத்தினாலே போதும். அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. மச்சான் எஸ்.ஐ. என்பதற்காக வண்டியில் 'போலீஸ்' ஸ்டிக்கர் ஒட்டித் திரிந்த பழக்கத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஹாலோவீனுக்குப் பிள்ளை போலீஸ் தொப்பி போடலாம். ஆறு வயசுப் பையனை யார் இன்ஸ்பெக்டர் என்று நம்பப் போகிறார்கள்?

நான் மாட்டிக்கொண்டது ராணுவச் சீருடை, மெடல் பற்றிய 419-வது பிரிவில்.

அப்பாவின் அப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா வரை போனவர். அவருடைய பர்மா ஸ்டார் மெடல், ஆறு முனை நட்சத்திரம், என் பங்குக்கு வந்த ஒரே குடும்பச் சொத்து. வந்த வருஷமே போரில் இறந்த வீரர்களுக்கான நவம்பர் 11 நினைவு நாளுக்கு அதை அணிய ஆசைப்பட்டேன். லண்டனில் இருக்கும் அத்தை மகனிடம் கேட்டேன். "வாங்கினவங்கதான் இடது பக்கம் குத்தணும், சொந்தக்காரங்க வலது பக்கம் குத்திக்கலாம்" என்றான். அவன் ஊரில் அது சரி. ஆஸ்திரேலியாவிலும் அதுதான் வழக்கம். நானும் கோட்டின் வலது பக்கம் குத்திக்கொண்டு, டொரண்டோ பழைய நகர மண்டபத்தின் முன்னால் இருக்கும் போர் நினைவிடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் எந்தப் படை என்று கேட்டார். தாத்தாவுடையது என்று பெருமையாகச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, கழற்றிவிடச் சொன்னார். அந்தக் குளிரிலும் எனக்குக் காது சுட்டது. இரண்டு நிமிட மௌனம் முழுக்க நட்சத்திரம் என் பாக்கெட்டில் கிடந்தது.

இங்கே மெடலை அணியலாம் என்றால் அது வாங்கியவர் மட்டும்தான். மகனோ பேரனோ எந்தப் பக்கமும் குத்தக்கூடாது. ரிப்பன், ராணுவ பேட்ஜ், அவற்றின் நகல்கூடச் சேர்த்திதான். பிற நாட்டு ராணுவச் சீருடையும் இதே பிரிவில் வருகிறது. அண்ணன் ஆசையாகக் கொடுத்த ராணுவச் சட்டையைப் பட்டையோடு போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள். இந்தியாவில் அரசு ஊழியரின் உடையை மற்றவர் போடுவது பற்றிய பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 171, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 205, அடுத்தவரை நம்பவைக்கும் எண்ணம் இருந்ததா என்று பார்க்கும். இங்கே மெடல் விஷயத்தில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. தாத்தாவை மதிக்கத்தானே போனேன் என்று இன்னமும் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தப் பெரியவர் மேல் இல்லை.

மெடலை வைத்திருப்பதில் தப்பில்லை. என்னுடையதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் போரில் இறந்தவர்கள் நினைவாகக் குத்தும் சிவப்புப் பாப்பிப் பூ மட்டும்தான்: அக்டோபர் கடைசி வெள்ளியிலிருந்து நவம்பர் 11 வரை, இடது பக்கம், யார் வேண்டுமானாலும் அணியலாம். அதன் ஊசி மட்டும் நிற்கவே நிற்காது. இரண்டாக வாங்கி வையுங்கள்.