தகாதனோபாபாவில் ராமென் தேடிப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டோக்கியோவின் யமனோதே ரயில் வட்டத்தில் ஷின்ஜுகுவுக்கும் இகேபுகுரோவுக்கும் நடுவே இருக்கிறது தகாதனோபாபா. நிலையத்தின் வசேதா வாசலில் இறங்கிக் கிழக்கே நடந்தால், வசேதா பல்கலைக்கழகம் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அந்தச் சாலையின் இருபுறமும் பக்கத்துச் சந்துகளிலும் ராமென், அதாவது சூப்பில் போட்ட நூடுல்ஸ் கிண்ணம் விற்கும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மாணவர் கூட்டத்தை நம்பித் திறக்கிறார்கள். கூட்டம் குறைந்தால் மூடுகிறார்கள். அதே இடத்தில் வேறொருவர் அடுப்பு மூட்டுகிறார். நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் வசதி. தோசாய் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் அரைமணி நேரத்தில் வந்து இறங்கலாம். ஒரு நிலையம் முன்னதாக வசேதாவிலேயே இறங்கி, கடைகளைப் பார்த்தபடி மேற்கே நடந்து வருவது இன்னும் நல்லது.

இந்தப் பேட்டையில் சாப்பிட முடியாத அளவுக்கு மோசமான கடைகள் குறைவு. அப்படியிருந்தும் பலர் முகம் சுளித்துத் திரும்புவதற்குக் காரணம், உள்ளே நுழையுமுன் அது எந்த வகைக் கடை என்று பார்க்காததுதான். ராமென் கடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு கிண்ணத்தைச் சுற்றியே கட்டப்பட்டவை. ஓர் உணவகத்துக்குள் போய் மெனுவில் தேடிக்கொள்ளலாம் என்ற பழக்கம் இங்கே உதவாது. எந்தக் கிண்ணம் வேண்டும் என்பதை வாசலுக்கு வெளியிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

நட்சத்திரத்தைப் பார்த்துக் கடையை ஒதுக்குவது

நம் ஊரில் 4.3 இருந்தால்தான் ஒரு ஹோட்டலை ஏறெடுத்துப் பார்ப்போம். ஜப்பானியர் பார்க்கும் தபேலோக் தளத்தில் 3.5 என்பதே நல்ல மதிப்பெண், 3.7ஐத் தாண்டினால் வரிசையில் நிற்கத் தயாராக வேண்டும். 3.4 என்றிருப்பதைப் பார்த்து, சுமாரான கடை போலிருக்கிறது என்று தாண்டிப் போனால் அந்தத் தெருவின் உருப்படியான கடைகளில் பாதியை இழந்துவிடுவீர்கள். கூகுள் வரைபடத்தில் வெளிநாட்டினர் எழுதும் குறைகளையும் கொஞ்சம் சலித்துப் படியுங்கள். உப்பு அதிகம், பேச விடவில்லை, மூன்று பேர் சேர்ந்து உட்கார இடமில்லை போன்றவை அந்த வகைக் கடையின் இயல்புகள்.

ஷோயு, மிசோ, ஷியோ, தொன்கொத்சு: நான்கையும் ஒரே தட்டில் வைப்பது

பயணக் கட்டுரைகள் ராமெனை இந்த நான்காகப் பிரிப்பது வழக்கம். இதை நம்பிக் கடை தேர்ந்தெடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் மூன்றும் சுவை சேர்க்கும் தாரேயைக் குறிப்பவை: சோயா சாஸ், புளித்த சோயா விழுது, உப்பு. நான்காவது பன்றி எலும்பு, அதாவது சூப் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது. பன்றி எலும்புச் சூப்பில் ஷோயு தாரே ஊற்றினால் இரண்டு பெயருமே பொருந்தும்.

கிண்ணம் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். அடியில் சுமார் 30 மில்லி தாரே. அதன்மேல் ஏறக்குறைய 300 மில்லி சூப். அதன்மேல் ஒரு கரண்டி மணமூட்டிய எண்ணெய். பிறகு வடித்த நூடுல்ஸ். கடைசியாக மேலே அடுக்கும் இறைச்சித் துண்டு, முட்டை, மூங்கில் குருத்து வகையறா. நாக்குக்குப் பெரிய வேறுபாட்டைத் தருவது சூப்தான். கொதி வரவிடாமல் 90 டிகிரிக்கு அருகிலேயே வைத்துக் காய்ச்சினால் அடி தெரியும் தெளிந்த சூப் வரும். அதே எலும்பைப் பல மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பும் ஜெலட்டினும் நீரோடு கலந்து, பால் போன்ற வெள்ளை சூப்பாக உதட்டில் ஒட்டும். ஆகவே கடை முன் ஒட்டியிருக்கும் படத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சூப் தெளிவா, கலங்கலா? முதன்மை எது: கோழி, பன்றி, நிபோஷி எனும் உலர்ந்த சிறுமீன்? மொழிபெயர்ப்புச் செயலியை அறிவிப்பின் மேல் காட்டினால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

இதைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? மதியம் ஒரு ஷோயு, மாலையில் வெரைட்டிக்கு ஒரு தொன்கொத்சு என்று திட்டமிடுவீர்கள். இரண்டும் மீன்தூள் கலந்த கெட்டியான பன்றிச் சூப்பாக வந்து நிற்கும். 2002இல் இங்கே தொடங்கிய வதனாபே பன்றி எலும்பையும் மீனையும் சேர்த்த சூப்புக்குப் பெயர் பெற்ற கடை. அதைச் சாப்பிடும் நாளில் மற்றொரு கிண்ணம் தெளிந்த கோழிச் சூப்பாகவோ, சூப்பே இல்லாத அபுரா சோபாவாகவோ இருப்பது நல்லது. வசேதா பக்கம் அபுரா சோபா கடைகளுக்குப் பஞ்சமில்லை. தாரேயும் எண்ணெயும் அடியில் கிடக்கும். கிண்ணம் வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் அடியோடு புரட்டிக் கிளற வேண்டும். வினிகரும் மிளகாய் எண்ணெயும் மேசையிலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சுற்று ஊற்றிச் சுவைத்துவிட்டு, போதாவிட்டால் இன்னொரு சுற்று.

ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணம் போதும். மூன்றாவது கிண்ணத்தை நாக்கு மதிப்பிடாது, வயிறும் மன்னிக்காது. தெளிந்ததை மதியத்துக்கும் கனமானதை மாலைக்கும் வையுங்கள். நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்த நேரத்தில் இகேபுகுரோவுக்குப் போய் வரலாம், இரண்டே நிலையம். நூடுல்ஸைத் தனியே வைத்துக் கெட்டிச் சூப்பில் தோய்த்துச் சாப்பிடும் த்சுகெமெனைப் பரப்பிய கசுவோ யமகிஷி, 1961இல் தைஷோகென் கடையைத் தொடங்கியது கிழக்கு இகேபுகுரோவில்தான்.

டிக்கெட் மெஷின் முன் திகைத்து நிற்பது

உள்ளே நுழைந்ததும் இடம் தேடி உட்கார்ந்துவிடுவது புதியவர்கள் தவறாமல் செய்வது. பெரும்பாலான கடைகளில் முதலில் வாசலருகே உள்ள மெஷினில் சீட்டு வாங்க வேண்டும். சில கடைகளில் சீட்டு வாங்கிவிட்டு வரிசைக்குப் போக வேண்டும், சிலவற்றில் வரிசை நகர்ந்து உள்ளே வந்த பிறகுதான் சீட்டு. முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்யுங்கள்.

பழைய மெஷின்கள் பலவற்றில் 1,000 யென் நோட்டும் நாணயமும் மட்டும்தான் செல்லும். 10,000 யென் நோட்டோடு போய் நின்றால், பின்னால் இருக்கும் பத்துப் பேரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பான் 2024 ஜூலையில் புதிய நோட்டுகளையும், 2021 நவம்பரில் இரு நிறப் புதிய 500 யென் நாணயத்தையும் வெளியிட்டது. மெஷினை மாற்றச் செலவாகும் என்பதால் சிறிய கடைகள் சில இவற்றை ஏற்பதில்லை. 100 யென் நாணயங்களாகப் பத்துப் பதினைந்தைப் பையில் போட்டுக்கொண்டு போனால் கவலையில்லை. புதிய மெஷின்களில் தொடுதிரையும் அட்டையும் வந்துவிட்டன. ஆங்கிலப் பொத்தானும் இருக்கலாம்.

பணத்தைப் போட்ட பிறகே பல மெஷின்களில் பொத்தான்கள் ஒளிரும். எதை அழுத்துவது என்று புரியாவிட்டால் இடது மேல் மூலைதான்; கடையின் முதன்மைக் கிண்ணத்தை வழக்கமாக அங்கேதான் வைப்பார்கள். பதப்படுத்திய முட்டைக்கும் கூடுதல் நூடுல்ஸுக்கும் தனிச் சீட்டு. மீதிச் சில்லறை தானாக விழாவிட்டால் அதற்கென்று ஒரு நெம்புகோல் இருக்கும், அதைத் திருகுங்கள்; மறந்துவிட்டு உட்கார்பவர்கள் நிறைய.

இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் சைவம் என்று நினைப்பது

சாஷூ (மேலே வைக்கும் பன்றி இறைச்சித் துண்டு) வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைவம் கிடைத்ததாக நிம்மதி அடைவது, கறிக்குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டுச் சோற்றில் ஊற்றிக்கொள்வது போலத்தான். சூப்பில் எலும்பு, தாரேயில் உலர்மீனும் சிப்பியும், எண்ணெயில் கோழிக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். 'காய்கறி ராமென்' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் எலும்புச் சூப்பின் மேல் காய்கறியைக் குவித்திருப்பார்கள். மிசோ ராமென் சைவமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. நூடுல்ஸ் மாவிலேயே முட்டை சேர்ப்பவர்களும் உண்டு.

சைவம் மட்டுமே சாப்பிடுபவர்கள் தெருவில் கண்ட கடையில் பேரம் பேசிப் பார்க்காமல், அதற்கென்றே சமைக்கும் இடத்துக்குப் போவதுதான் சரி. டோக்கியோ நிலையத்துக்குள், டிக்கெட் வாயிலின் உட்புறத்தில் இருக்கும் டீஸ் தன்தன் முழுக்க வீகன் கடை. அஃபுரி கிளைகளில் ஒரு வீகன் ராமென் தனியாக உண்டு. ஆனால் அது அசைவக் கடை, பாத்திரங்கள் தனியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பன்றி மட்டும் ஆகாது என்பவர்களுக்குக் கோழிச் சூப் கடைகள் பல உண்டு. ஆனால் மேலே வைக்கும் துண்டும் தெளிக்கும் கொழுப்பும் பன்றியாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

நூடுல்ஸின் பதத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்பது

'பாரிகாதா', அதாவது மிகக் கெட்டியாக, என்று சொன்னால் விவரமானவர் என்ற மதிப்பு கிடைக்கும் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அது ஹகாதா (ஃபுகுவோகா நகரப் பகுதி) பாணிக் கடைக்குரிய சொல். அங்கே நூடுல்ஸ் மெல்லியது. மாவில் நீர் 30 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்ப்பார்கள். காய்ந்த மாவு சூப்பை வேகமாக உறிஞ்சும், ஐந்து நிமிடத்தில் தொளதொளத்துவிடும். அதனால்தான் கெட்டியாகக் கேட்கிறார்கள், அளவையும் குறைத்து, பிறகு 'காயேதாமா' என்று இரண்டாம் முறை நூடுல்ஸ் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். சூப்பை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிட்டுக் காயேதாமா கேட்டால் வெறும் நூடுல்ஸைத்தான் மெல்ல வேண்டும்.

சப்போரோ பாணி மிசோ நூடுல்ஸிலும் த்சுகெமெனிலும் நீர் கூடுதல், தடிமனும் கூடுதல். அரைவேக்காட்டில் எடுத்தால் நடுவில் மாவு வாசனைதான் வரும். த்சுகெமென் நூடுல்ஸ் வேகவே பத்து நிமிடம் ஆகலாம். அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியவர் அந்தக் கடைக்குள் நுழையக் கூடாது. சாப்பிடும்போது முழுவதையும் முக்காமல் பாதி நீளத்தை மட்டும் தோய்த்தால் சூப் சீக்கிரம் ஆறாது. கடைசியில் 'சூப் வாரி' என்று கேட்டால் சூடான மெல்லிய சூப் ஊற்றிக் குடிக்கும் பதத்துக்குத் தளர்த்தித் தருவார்கள்.

1974இல் யோகோஹாமாவின் யோஷிமுராயா கடையில் பிறந்த 'இயெகெய்' வகையில் மூன்று கேள்வி வரும்: நூடுல்ஸ் பதம், தாரேயின் அழுத்தம், கோழி எண்ணெயின் அளவு. முதல் தடவை மூன்றுக்கும் 'ஃபுட்சூ' (சாதாரணம்) என்று சொல்லிவிடுங்கள். கெட்டியாக, தாரே அழுத்தமாக, எண்ணெய் கூடுதலாக என்று மூன்றையும் ஏற்றிவிட்டு உப்புக் கரிக்கிறது என்று குறைசொல்வதில் நியாயமில்லை. மூன்று நோரி (கடற்பாசி) தாள்களைச் சூப்பில் நனைத்துச் சோற்றைச் சுற்றிச் சாப்பிடத்தான் அங்கே சோறு வைத்திருக்கிறார்கள்.

ஜிரோ வகையில் அளவைத் தப்பாகக் கணிப்பது

டோக்கியோவின் மிதாவில் தலைமைக் கடை கொண்ட ராமென் ஜிரோவும் அதைப் பின்பற்றும் கடைகளும் மாணவர் பேட்டைகளில் பரவியிருக்கின்றன. அங்கே 'சிறியது' என்றாலே வேகவைக்கும் முன் 300 கிராம் நூடுல்ஸ். சாதாரணக் கடையின் இரண்டு பங்கு. அதன்மேல் முளைப்பயறும் கோஸும் ஒரு குவியல். கிண்ணம் தயாராகும் நேரத்தில் 'நின்னிகு இரேமாசுகா?' என்று கேட்பார்கள். பூண்டு போடட்டுமா என்பதுதான் கேள்வி, ஆனால் காய், கொழுப்பு, தாரே எல்லாவற்றுக்கும் அப்போதே பதில் சொல்லிவிட வேண்டும். பழக்கமில்லாதவர் பூண்டு மட்டும் கேட்டால் போதும். குறைவாக வேண்டுமென்றால் சீட்டைக் கொடுக்கும்போதே 'மென் சுகுனாமே' என்று சொல்லுங்கள், விலை குறையாது. பாதியை மிச்சம் வைப்பது இந்தக் கடைகளில் உண்மையிலேயே வெறுக்கப்படும் செயல்.

நேரம், வரிசை, உப்பு

பல கடைகள் 11 மணிக்குத் திறந்து 3 மணிவாக்கில் மூடி, மாலையில் மறுபடி திறக்கும். சூப் தீர்ந்தால் நேரத்துக்கு முன்பே கடை கட்டிவிடுவார்கள். வாசல் துணித் திரை தொங்கினால் கடை உண்டு. உள்ளே எடுத்து வைத்திருந்தால் இல்லை, கதவைத் தட்டிப் பயனில்லை. மாணவரை நம்பிய கடைகளில் ஞாயிறு விடுமுறை சகஜம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை தவிர்த்தால் பாதி வரிசை குறையும். ஆகஸ்டிலும், பிப்ரவரி மார்ச் மாதங்களிலும் பல்கலைக்கழக விடுமுறை என்பதால் இன்னும் தாராளம்.

நண்பர் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒருவர் நின்று நால்வருக்கு இடம்பிடிக்கக் கூடாது. எட்டுப் பத்து இருக்கைதான் என்பதால் நான்கு பேர் போனால் பிரிந்து உட்கார மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைக் கவுண்டரின் மேல்தட்டில் தூக்கி வைத்து, மேசையை ஒரு துடை துடைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

சூப்பைத் துளி விடாமல் குடித்தால்தான் சமையல்காரருக்கு மரியாதை என்பது கட்டாயமில்லை. முழுக் கிண்ணத்தில் உப்பு 5 கிராமைத் தாண்டுவது சாதாரணம். ஜப்பான் அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 7.5 கிராமும் பெண்களுக்கு 6.5 கிராமும்தான் வரம்பு என்கிறது. இரண்டு கிண்ணம் சாப்பிடும் நாளில் இரண்டிலும் சூப்பைப் பாதியோடு நிறுத்துங்கள். நூடுல்ஸை முடித்துவிட்டுச் சூப்பை மிச்சம் வைப்பதைக் கடைக்காரர் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.