மேகம் வெளிறாமல் படமெடுக்க

மழை மேகமோ அந்தி வானமோ, எக்ஸ்போஷரை (படத்தில் பதிவாகும் வெளிச்ச அளவை) தரைக்கு வைக்காமல் மேகத்தின் மிகப் பளிச்சென்ற பகுதிக்கு வையுங்கள். பெரும்பாலான மொபைல்களில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். அப்படியும் வெள்ளையாகத் தெரிந்தால் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பை) மைனஸ் 1-இல் வைத்து ஒரு படம் எடுத்து, இடது ஓரம் இருளையும் வலது ஓரம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால் இன்னும் 1/3 ஸ்டாப் குறைக்கவும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அந்தியில் சிவப்புதான் முதலில் முட்டும். அதனால் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமே நம்பகமானது.

காரணம், தானியங்கி அளவீடு பெரும்பாலும் படம் முழுவதற்குமான வெளிச்சத்தைச் சராசரியாக்குகிறது. கீழே இருண்ட மரங்கள் நிறைந்திருந்தால் அவற்றை வெளிச்சமாக்கப் போய் மேகத்தின் மடிப்புகளை வெள்ளைத் திட்டாக்கிவிடும். முழுக்க வெளிறிய இடத்தில் மீட்க எதுவும் பதிவாகியிருக்காது. இருண்ட தரையைப் பின்னர் எடிட்டிங்கில் தூக்கிவிடலாம், அதுவும் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால் தாராளமாக. வானத்தைக் காப்பாற்ற அந்த வாய்ப்பு கிடையாது.

மூடுபனிக்கு இது பொருந்தாது. அங்கே படம் முழுவதுமே வெளிர் நிறம் என்பதால் கேமரா தானாகவே சாம்பலாக்கிவிடும். பிளஸ் 2/3 முதல் 1 வரை கூட்ட வேண்டும். வானத்தின் முன் நிற்பவரின் முகம் முக்கியம் என்றால் அப்போதும் இந்த முறை வேண்டாம், ஃபிளாஷ் இல்லாவிட்டால் நிழலுருவம்தான் மிஞ்சும்.