ஃபைபர் ஷேர் வாங்குமுன்: டார்கெட் விலையை நம்பிச் செய்யும் தவறுகள்

ஃபைபர் கேபிள் போடும் கம்பெனியைப் பற்றிய ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் 'வாங்கலாம்' என்று இருக்கும், கீழே கொட்டை எழுத்தில் டார்கெட் விலை, அதாவது ஷேர் எட்டும் என்று ஆய்வாளர் கணிக்கும் விலை. அதோடு மூடிவைப்பதுதான் முதல் தவறு. கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை முதலில் படியுங்கள். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் 2014 விதிகளின்படி, ஆய்வாளரோ அவர் நிறுவனமோ அந்தக் கம்பெனியில் 1 சதவீதமும் அதற்கு மேலும் பங்கு வைத்திருந்தாலும், கடந்த 12 மாதத்தில் அதனிடம் பணம் வாங்கியிருந்தாலும் அங்கே சொல்லியாக வேண்டும். செபியில் பதிவான ஆய்வாளரின் பதிவு எண் ஐ.என்.எச். (INH) என்று தொடங்கும், அது இல்லாத டெலிகிராம் டிப்ஸ் பேச்சுக்கே லாயக்கில்லை. அமெரிக்காவில் டெலிகாம் ஷேர்களைத் தூக்கிப் பிடித்த ஆய்வாளர் ஜாக் கிரப்மனுக்கு 2003-ல் 1.5 கோடி டாலர் அபராதமும் வாழ்நாள் தடையும் விழுந்தன.

அடுத்தது, கேபிள் போனால் வருமானம் வந்துவிடும் என்ற கணக்கு. 2011-ல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஊராட்சி ஃபைபர் திட்டம் (இப்போது பாரத்நெட்) 2013-க்குள் இரண்டரை லட்சம் ஊராட்சிகளைத் தொட வேண்டியது. முதல் 1 லட்சம் முடியவே 2017 டிசம்பர் ஆனது. ஏன் இழுக்கிறது என்பதற்கு ஏற்காடு மலைப்பாதையே போதும். பள்ளம் தோண்ட நெடுஞ்சாலைத் துறை, காட்டுக்குள் போனால் வனத்துறை என்று தனித்தனி அனுமதி, தோண்டினாலோ பாறை. கம்பத்தில் கட்டினால், மழைக்காற்றில் சில்வர் ஓக் கிளை விழுந்து அறுக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு ஒட்டு, ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் ஒளி போகும். வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளி சுமார் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் சிவப்பு விளக்குதான், இணைப்பு இருக்காது. ஊராட்சி 'சர்வீஸ் ரெடி' பட்டியலில் இருக்கும், மாதச் சந்தா கட்ட ஆள் இருக்காது. அறிக்கையில் 'எட்டிய வீடுகள்' (கேபிள் பக்கத்தில் போகும் வீடுகள்) என்றிருந்தால் 'இணைந்த வீடுகள்' எத்தனை என்று தேடுங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லும் 90 கோடிக்கும் அதிகமான பிராட்பேண்ட் சந்தாதாரர்களில் பெரும்பகுதி மொபைல்காரர்கள். அதை ஃபைபர் சந்தை என்று காட்டும் படத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

பெரிய தவறு ஆர்டர் புக்கில்தான், அதாவது கம்பெனி கையில் இருக்கும், இன்னும் முடிக்காத ஒப்பந்தங்களின் மொத்தத் தொகையில். சேலத்துச் சேகோ ஆலையில் மரவள்ளிக்கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் விலை. ஆர்டர் புக் வெறும் எடை. 2023-ல் ஒப்புதலான புதிய பாரத்நெட் ஒப்பந்தங்களில் கட்டுமானம் 3 ஆண்டு, பராமரிப்பு 10 ஆண்டு. பராமரிப்புப் பணமும் சேர்ந்த மொத்தத் தொகையை மூன்றால் வகுத்து வருட விற்பனை என்று போட்டால் கணக்கு ஊதிப்போகும்.

பாயின்ட் பார்க்கும் இடம் ஆண்டறிக்கையில் 'டிரேட் ரிசீவபிள்ஸ்' (வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி) குறிப்பு. 2021-22 முதல் வராத பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்: 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 வருடம், 1-2, 2-3, 3 வருடத்துக்கு மேல். கடைசி மூன்று கட்டங்களையும் கூட்டி, போன வருடக் கூட்டலோடு ஒப்பிடுங்கள். பிறகு மூன்று வருட நிகர லாபத்துக்குப் பக்கத்தில், தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தை எழுதுங்கள். லாபம் ஏற ஏற ரொக்கம் மைனஸில் கிடந்தால், பில் போட்டாகிவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. 'அன்பில்டு' (பில் போடாத தொகை) வரியும் வீங்கியிருந்தால், பில்கூட இன்னும் போடவில்லை.