ஃபிரீபிஎஸ்டி கர்னலில் ரீட்-மோஸ்ட்லி லாக்: எங்கே தூங்கலாம், எங்கே கூடாது

கர்னல் மாட்யூல் எழுதி ஏற்றி இறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அடிக்கடி படிக்கப்படும், எப்போதாவது மாறும் ஒரு டேபிளுக்கு ஆர்எம்லாக் (ரீட்-மோஸ்ட்லி லாக்கின் சுருக்கம்) போடுவது மட்டும்தான் இங்கே விஷயம்.

சோதனைக்கு கியூஇஎம்யுவை (விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருள்) சீரியல் கன்சோலோடு திறங்கள். கர்னல் பேனிக் ஆனாலும் செய்தி டெர்மினலிலேயே தங்கும். இந்த வேலைக்குத் தனி ஜன்னல் திறக்கும் சமாசாரமெல்லாம் எனக்கு ஆகாது. கர்னல் கன்ஃபிகில் விட்னஸ் (பூட்டு விதி மீறலைக் காட்டிக்கொடுப்பது), இன்வேரியன்ட்ஸ் (கர்னலின் உள் சோதனைகளை இயக்குவது) இரண்டையும் போட்டு பில்ட் பண்ணுங்கள். ரிலீஸ் பதிப்பின் ஜெனரிக் கர்னலில் இவை இருக்காது. (எங்கள் தண்டையார்பேட்டை மாதிரி ஏரியா என்றால், மின்தடை அறிவித்த நாளில் பில்டைத் தொடங்காதீர்கள்.)

ஆர்எம்_இனிட் போட்டுப் பூட்டைத் தயார் செய்யுங்கள். படிக்கிறவர் ஆர்எம்_ஆர்லாக் கூப்பிடும்போது ஒரு டிராக்கரும் (யார் படிக்கிறார் என்று குறித்துவைக்கும் சின்ன ஸ்ட்ரக்ட்) தர வேண்டும். அது அந்த ஃபங்ஷனின் ஸ்டாக்கிலேயே இருக்கட்டும். டிவைஸின் பொது ஸ்ட்ரக்டில் வைத்தால் இரண்டு த்ரெட் ஒரே டிராக்கரில் முட்டிக்கொள்ளும்.

இனி தூக்கம், அதாவது பூட்டைப் பிடித்தபடியே படிக்கிறவர் தூங்கப்போவது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சர்ரென்று தாண்டிப்போகும் வண்டிகள்தான் படிக்கிறவர்கள். எழுதுகிறவர் ரயில். மற்ற சிபியுக்களுக்கு இன்டரப்ட் அனுப்பி, தண்டவாளத்தில் இருக்கும் கடைசி வண்டி விலகும்வரை காத்திருப்பார். நடுத் தண்டவாளத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போனால்?

பூட்டைப் பிடித்தபடி மியூடெக்ஸுக்குக் (ஒரு சமயத்தில் ஒரே த்ரெட் பிடிக்கும் பூட்டு) காத்திருக்கலாம். அதைப் பிடித்திருப்பவரும் தூங்கக் கூடாது என்பதுதான் விதி, சீக்கிரம் விடுவார். எப்போது முடியும் என்று தெரியாத தூக்கம்தான் கூடாது. எம்_வெயிட்ஓகே (மெமரி கிடைக்கும்வரை காத்திரு என்ற ஃபிளாக்) போட்ட மல்லாக் அந்த ரகம். மெமரி தாராளமாக இருந்தாலும் விட்னஸ் உடனே கத்திவிடும், அதனால் இது சுலபமாக மாட்டும்.

கர்னல் டேட்டாவை யூசர் புரோகிராமின் பஃபருக்கு நகலெடுக்கும் காப்பிஅவுட்தான் ஊமைக்குசும்பு. பார்க்க மெம்காப்பி மாதிரி சாதுவாக இருக்கும். யூசர் பஃபரின் பேஜ் மெமரியில் இருந்தால் எந்தச் சத்தமும் வராது. இல்லையென்றால் பேஜ் ஃபால்ட், அது டிஸ்க் வரைகூடப் போகலாம். விட்னஸ் உள்ள கர்னல் அந்த இடத்திலேயே பேனிக் ஆகும். சோதித்துப் பார்க்க, யூசர் புரோகிராமில் பெரிய பஃபர் ஒன்றை மல்லாக் செய்து, அதைத் தொடாமலேயே அதன் முகவரியை ஐஆக்டில் (டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) வழியாக அனுப்புங்கள். முன்கூட்டியே மெம்செட் செய்துவிட்டால் பிழை ஒளிந்துகொள்ளும்.

ஆகவே பூட்டியதும் ரெக்கார்டை லோக்கல் ஸ்ட்ரக்டுக்கு நகலெடுங்கள், ஆர்எம்_ஆர்அன்லாக் போடுங்கள், அதற்கப்புறம்தான் காப்பிஅவுட். எழுதும் பக்கத்திலும் மல்லாக் முதலில், பூட்டு அப்புறம். எம்_நோவெயிட் (காத்திருக்காதே என்ற ஃபிளாக்) போட்டும் தப்பிக்கலாம். ஆனால் நல் திரும்பி வந்தால் பூட்டைப் பிடித்துக்கொண்டு முழிக்க வேண்டும், எனக்கு அது பிடிக்காது.

பின்சேர்க்கை: ஆர்எம்_ஸ்லீப்பபிள் ஃபிளாக் போட்டால் போதாதா என்று கமென்டில் கேட்டிருந்தார்கள். போதாது. அது எழுதுகிறவருக்குத்தான் தூங்க அனுமதி தருகிறது, படிக்கிறவருக்கு இல்லை. படிக்கிறவரும் தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எஸ்எக்ஸ் லாக்குக்கு (பிடித்தபடி தூங்க இடம் தரும் வேறொரு பூட்டு) மாறிவிடுங்கள். படிக்கும் வேகம் கொஞ்சம் அடிவாங்கும்.