எக்ஸ்கவேட்டர் ஹைட்ராலிக்: ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

சிங்கப்பூர் துவாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று மண் அள்ளத் திணறியது. நான் பெரிய மெக்கானிக் போல ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை அரைச் சுற்று முடுக்கினேன். மறுநாள் ஹோஸ் வெடித்தது. வால்வு வாயில் சிக்கியிருந்த தூசுதான் அழுத்தத்தைக் கசியவிட்டிருக்கிறது. அது தானாகக் கழன்றதும், நான் முடுக்கியதும் சேர்ந்து அழுத்தம் எகிறிவிட்டது.

பம்ப் அழுத்தத்தைத் தருவதில்லை, எண்ணெயை ஓட்டத்தான் செய்கிறது. பக்கெட் மண்ணில் முட்டி எண்ணெய்க்கு வழி அடைபடும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. அது எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது ரிலீஃப் வால்வு. குக்கர் வெயிட் மாதிரி, ஆனால் எடைக்குப் பதில் ஸ்க்ரூவால் இறுக்கும் ஸ்பிரிங். அளவைத் தாண்டினால் திறந்து எண்ணெயை டேங்குக்கே திருப்பிவிடும். இந்த அளவு மெஷினில் அது 350 பாரை ஒட்டி இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். அதனால் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஊசித் துளை எண்ணெய்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

சரி, வேலையைத் தொடங்கலாம். பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை அணையுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து லீவர்களை நாலு பக்கமும் அசைத்தால் மிச்ச அழுத்தம் இறங்கும். அப்புறம் டேங்க் பிரீதரை (டேங்க் மூச்சுவிடும் காற்றுவழி) அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

அடுத்து 600 பார் வரை காட்டும் அழுத்தமானியை (கேஜ்) பம்பில் அளவெடுக்க விட்டிருக்கும் துளையில் (டெஸ்ட் போர்ட்) மாட்டுங்கள். எஞ்சினை ஓட்டி எண்ணெய் 50 டிகிரி சூடானதும் பக்கெட்டை முழுக்க மடக்கி, லீவரைச் சில வினாடிகள் பிடித்திருங்கள். கேஜ் காட்டுவதை மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

குறைவாக இருந்தால், மெஷினை மறுபடி முன்போலவே அணைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, டேங்குக்குத் திரும்பும் எண்ணெயை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றுங்கள். அது பெரும்பாலும் 10 மைக்ரான் அளவில் வடிகட்டும். தலைமுடியே சுமார் 70 மைக்ரான், அதனால் வால்வைக் கெடுக்கும் தூசு கண்ணில் படாது. ஃபில்டர் அடைத்தாலும் மெஷின் நிற்காது என்பதுதான் வம்பு. பைபாஸ் வால்வு திறந்து அழுக்கு எண்ணெயை அப்படியே விட்டுவிடும். ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பித்தளை நிறத்தில் மினுங்கினால் பம்ப் தேய்கிறது, ஸ்க்ரூ அதற்கு மருந்தில்லை.

எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெயிலில் காய்ந்த டேங்க்மேல் நம்மூர் சாயங்கால மழை கொட்டும்போது, பிரீதர் இழுத்த ஈரக்காற்று உள்ளே நீராகப் படியும். மழையில் டேங்க் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

ஃபில்டர் மாற்றி, வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் குறைந்தால்தான் ஸ்க்ரூ. கேஜைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி அளவெடுங்கள், நட்டோடு ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பியிருக்கலாம்.