எந்த பேட்மேனுக்காகச் சண்டை போடுகிறோம்?

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் காமிக்ஸ் படிக்கிற நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "பேட்மேன்னா இருட்டா, சீரியஸாத்தான் இருக்கணும் நைனா" என்பார் ஒருவர். "ஜாலியா இருந்த ஆளைக் கெடுத்துட்டானுங்க" என்பார் இன்னொருவர். பாதி நேரம் இருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு புத்தகம்.

"ஒரிஜினல் பேட்மேன்" என்று ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. 1939-ல் வந்தவர் ஆளைக் கொல்லத் தயங்காதவர். 1940-ல் சிறுவன் ராபின் துணையாகச் சேர்ந்ததும் கதை இளகியது. 1966 டிவி தொடர் முழுக்கக் காமெடி. 1970களில் எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் மறுபடி இருட்டுக்குத் திருப்பினார்கள், 1986-ல் எழுதி வரைந்த ஃபிராங்க் மில்லர் அதை இன்னும் கடுமையாக்கினார். இதில் எது ஒரிஜினல்? தமிழ் காமிக்ஸில் நாம் படித்த இரும்புக்கை மாயாவியே 1962-ல் பிரிட்டனில் அறிமுகமானபோது குற்றவாளிதான்; நல்லவரானது பிறகு. அதனால் பெயரோடு ஆண்டையும் எழுதியவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பதிப்பைக் கேட்காமல் பேசுவது அடுத்தது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பேட்மேனும் அவர் எதிரி ஜோக்கரும் மோதும் 'தி கில்லிங் ஜோக்' 1988-ல் வந்தபோது ஜான் ஹிக்கின்ஸ் கொடுத்த வண்ணம் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும். 2008 பதிப்புக்கு ஓவியர் பிரையன் போலண்டே வண்ணத்தை மாற்றினார். ஜோக்கரின் பழைய நினைவுப் பக்கங்கள் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை. அங்கங்கே ஒரு பொருள் மட்டும் சிவப்பாக நிற்கும். பேட்மேன் நெஞ்சிலிருந்த மஞ்சள் வட்டமும் போய்விட்டது. வசனம் அதேதான், ஆனால் படிக்கும்போது ஏறும் உணர்வு வேறு. ஒருவர் பழையதையும் மற்றவர் புதியதையும் படித்திருந்தால் இரண்டு பேர் சொல்வதும் சரி.

முதல் இதழை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அமெரிக்க மாத இதழில் கதை 20, 22 பக்கம்தான். ஒரு கதை முடிய பெரும்பாலும் ஐந்தாறு இதழ் ஆகும். சினிமாவில் பார்த்ததைக் காமிக்ஸ் தலையில் கட்டுவதும் வேண்டாம்.

"ரசிகர்கள் கேட்டது இதைத்தான்" என்ற வாதமும் நிற்காது. 1988-ல் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகலாமா என்று டெலிபோனில் ஓட்டு எடுத்தார்கள். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டில் ஒரு உயிர் போனது.

கதை திசை மாறினால் உடனே எழுத்தாளரைத் திட்டுவது அநியாயம். 2007-ல் ஸ்பைடர்மேன் கல்யாணத்தையே இல்லாமல் ஆக்கிய கதையில் அந்த முடிவு தலைமை எடிட்டர் ஜோ கெசாடாவுடையது. எழுதிய ஸ்ட்ரசின்ஸ்கி அதோடு உடன்படாமல், கடைசி இதழ்களில் தன் பெயரே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனார். கோபப்படுவதற்கு முன் முடிவெடுத்தது யார் என்று பாருங்கள்.

இன்னொன்று: எதிரில் இருப்பவர் கதையை முழுசாகப் படித்தாரா என்று கேட்டுவிட்டு முடிவைப் பேசுங்கள். படிக்கவில்லையென்றால் உங்கள் பிரதியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் சண்டை போடலாம்.